பச்சிளங்குழந்தையின் பித்தநாள அடைப்பும் வைரஸ் ஐயமும்

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் நாளங்கள் அழற்சியால் வீங்கி, உட்புழை தூர்ந்து, இறுதியில் வெறும் நார்த்திசுவாக இறுகிப்போகும் நோயை மருத்துவர்கள் பிலியரி அட்ரீசியா என்று வழங்குகின்றனர். தமிழில் இதனைப் பித்தநாள அடைப்பு நோய் எனலாம். வெளியேற வழியில்லாத பித்தநீர் கல்லீரலுக்குள்ளேயே தேங்குவதால் குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. குடலுக்குப் பித்தம் சென்று சேராததால் மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்துக்கு மாறுகிறது. சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகிறது. அறுவை சிகிச்சை செய்யப்படாவிட்டால் கல்லீரல் முழுவதும் வடுவேறிச் சுருங்கி, பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் இந்நோய், தைவானில் 5,000 அல்லது 6,000 பிறப்புகளுக்கு ஒன்றாகவும், பிரெஞ்சுப் பாலினேசியத் தீவுகளில் ஏறத்தாழ 3,000 பிறப்புகளுக்கு ஒன்றாகவும் பதிவாகியுள்ளது. அரிய நோய்தான் என்றாலும், உலகெங்கும் குழந்தைகளுக்குச் செய்யப்படும் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைகளுக்கு முதற்காரணம் இதுவே. 1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் மனிதருக்குச் செய்த முதல் கல்லீரல் மாற்று முயற்சியும், 1998இல் தில்லி அப்பல்லோ மருத்துவமனையில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் கல்லீரல் பகுதியைப் பொருத்தி இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகண்ட குழந்தைக் கல்லீரல் மாற்றும் இந்த நோய்க்காகவே செய்யப்பட்டவை.

நோயின் போக்கும் அறுவை முறையும் இவ்வளவு தெளிவாக அறியப்பட்டிருந்தும், அது ஏன் வருகிறது என்ற கேள்விக்கு ஒருமித்த விடை இன்றும் இல்லை. எடின்பரோ மருத்துவர் ஜான் தாம்சன் 1892இல் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து எழுதிய காலத்திலிருந்து நெடுங்காலம் இது கருவில் உறுப்பு சரியாக உருவாகாததால் நேரும் பிறவிக் குறை என்றே கருதப்பட்டது. அந்தக் கருத்தோடு ஒத்துவராத செய்திகள் மெல்லச் சேர்ந்தன. இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் உரிய எடையோடு, வேறு எந்த உறுப்புக் குறையும் இன்றிப் பிறக்கின்றனர்; பலருக்கு முதல் சில நாட்களில் மலம் நிறத்தோடுதான் வெளியேறுகிறது, பின்னரே வெளிறுகிறது; அறுவையில் அகற்றப்படும் நாளத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், ஒருபோதும் உருவாகாத உறுப்பின் வெறுமை அங்கே தென்படுவதில்லை, உருவான பின் அழற்சியால் அழிந்துகொண்டிருக்கும் உறுப்பின் சிதைவே தென்படுகிறது. ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் 1955இல் தொடங்கிவைத்த அறுவை முறை, அதாவது தூர்ந்த நாளத்தைக் கல்லீரலின் வாயில் வரை வெட்டி நீக்கி, அவ்விடத்தில் சிறுகுடலின் ஒரு வளையத்தை நேராகத் தைத்துவிடும் முறை, பலன் தருவதற்கும் இதுவே அடிப்படை. கல்லீரல் வாயிலில் நுண்ணிய நாளங்கள் சில இன்னும் திறந்திருக்கும் நிலையில், அழிவு முற்றுப்பெறுவதற்குள் முந்திக்கொண்டால் பித்தம் வடிய வழி கிடைக்கிறது. இரண்டு மாத வயதுக்குள் செய்யப்படும் அறுவை, பிந்திச் செய்யப்படுவதைவிட நன்றாகப் பலிப்பதன் காரணம் அது.

குழந்தைநோய் நோய்க்குறியியலறிஞர் பெஞ்சமின் லாண்டிங் 1974இல் முன்வைத்த கருத்து இந்த இடத்திலிருந்து கிளைத்தது. பச்சிளங்குழந்தைக் கல்லீரல் அழற்சி, பித்தநாள அடைப்பு, பித்தநாளம் பைபோல் விரிந்துபோகும் நீர்க்கட்டி ஆகிய மூன்றும் தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே அழற்சிச் செயலின் வெவ்வேறு முடிவுகள் என்றும், அந்த அழற்சியைத் தூண்டுவது வைரஸ் தொற்றாக இருக்கக்கூடும் என்றும் அவர் கருதினார். அன்று அவரிடம் நேரடிச் சான்று அதிகம் இல்லை. ஆயினும் அடுத்த 50 ஆண்டுகளுக்கான ஆய்வுத் திட்டம் ஒன்று அந்த ஒரு கருத்திலிருந்து முளைத்துவிட்டது. ஆய்வாளர்கள் ஒரு வைரஸ் மாற்றி மற்றொரு வைரஸாகத் தேடத் தொடங்கினர்.

ஒரு கிருமியே ஒரு நோய்க்குக் காரணம் என்று நிறுவ, நோயாளிகள் அனைவரிடமும் அக்கிருமி இருக்க வேண்டும், நலமுள்ளவர்களிடம் இருக்கக் கூடாது, பிரித்தெடுத்துச் செலுத்தினால் அதே நோய் தோன்ற வேண்டும் என்ற 19ஆம் நூற்றாண்டு விதிகள் வைரஸ்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பது அறிந்ததே. பெரும்பாலானோருக்கு ஒரு தீங்கும் செய்யாமல் போகும் வைரஸ், மிகச் சிலருக்கு மட்டும் கொடுமையான விளைவைத் தரலாம். நோய் கண்டறியப்படும் வேளையில் வைரஸ் உடலைவிட்டு நீங்கியும் இருக்கலாம். இந்த இரண்டாவது சாத்தியம், அதாவது வைரஸ் தாக்கிவிட்டு மறைந்துபோக, அது கிளப்பிவிட்ட நோயெதிர்ப்பு மட்டும் அடங்காமல் நாளத்தை அழிக்கிறது என்ற கருதுகோள், இத்துறையில் மிகுதியாக எடுத்தாளப்படுவது. அதன் வலிமையும் வலுவின்மையும் ஒரே இடத்தில் உள்ளன: வைரஸ் கிடைத்தால் அது சான்றாகிறது, கிடைக்காவிட்டால் மறைந்துவிட்டது என்று சொல்லிவிட முடிகிறது. எந்த முடிவு வந்தாலும் பொய்யாகாத கருத்தை அறிவியல் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும்.

முதலில் ஐயத்துக்கு உள்ளானது ரியோ வைரஸின் மூன்றாம் வகை. பெரும்பாலோரைச் சிறு வயதிலேயே தொற்றி, குறிப்பிடத்தக்க நோய் எதையும் உண்டாக்காமல் போகும் வைரஸ் இது. ஆனால் எலிக்குட்டிகளுக்குச் செலுத்தப்பட்டபோது கல்லீரலிலும் பித்தநாளத்திலும் அழற்சியை உண்டாக்கியது. நியூயார்க் நகரைச் சேர்ந்த மொரெக்கியும் கிளேசரும் அவர்களுடைய கூட்டாளிகளும், பித்தநாள அடைப்புள்ள குழந்தைகளின் இரத்தத்தில் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் மற்றக் குழந்தைகளைவிட மிகுதியாக இருப்பதை 1982இல் வெளியிட்டபோது, நெடுநாள் தேடிய குற்றவாளி கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை பரவியது. ஆனால் எதிர்ப்பொருள்களில் ஒரு வகை தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு வருவது. சில மாதக் குழந்தையிடம் அது காணப்படுவது குழந்தைக்குத் தொற்று நேர்ந்ததைக் காட்டுகிறதா, தாய்க்கு முன்னெப்போதோ நேர்ந்த தொற்றின் எச்சமா என்று பிரித்தறிவது கடினம். அடுத்தடுத்து வேறு நாடுகளில் செய்யப்பட்ட எதிர்ப்பொருள் ஆய்வுகள் அந்த வேறுபாட்டை உறுதிசெய்யவில்லை. வைரஸின் மரபுப்பொருளையே பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர் முறை வந்த பின் 1998இல் டைலரும் அவருடைய குழுவினரும் பித்தநாள அடைப்புள்ள குழந்தைகளின் கல்லீரல், பித்தநாளத் திசுக்களுள் 55 விழுக்காட்டிலும், பித்தநாள நீர்க்கட்டி உள்ளவர்களின் திசுக்களுள் 78 விழுக்காட்டிலும் ரியோ வைரஸின் ஆர்.என்.ஏ இருப்பதாக அறிவித்தனர்; அதற்கு முன்னும் பின்னும் அதே முறையைக் கையாண்ட வேறு சில ஆய்வுக் குழுக்களுக்கு அது கிடைக்கவில்லை. இவ்வளவு முரண்பட்ட முடிவுகளைக் கொண்டு ரியோ வைரஸின் மீது தீர்ப்புக் கூற இயலாது; அந்த வழக்கு முடிவின்றிக் கைவிடப்பட்டது என்பதே பொருத்தம்.

வைரஸ் கருதுகோளுக்கு உண்மையான வலுவைத் தந்தது ரோட்டா வைரஸ். அதுவும் குழந்தைகளிடம் அன்று, எலிகளிடம். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உலகெங்கும் முதன்மையான காரணமாக இருந்துவந்த இந்த வைரஸின், ரீசஸ் குரங்கிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு வகையை, பிறந்த எலிக்குட்டிக்கு வாய்வழியாகச் செலுத்தினால் ஒரு வாரத்தில் குட்டி மஞ்சளாகிறது, மலம் வெளிறுகிறது, இரண்டாம் வார அளவில் கல்லீரலுக்கு வெளியேயுள்ள பித்தநாளம் அழற்சியால் அடைபட்டுவிடுகிறது என்பதை ரீப்பன்ஹாஃப்-டால்டியும் அவருடைய கூட்டாளிகளும் 1993இல் காட்டினர். மனிதக் குழந்தையின் நோயோடு இத்தனை ஒற்றுமையுள்ள விலங்கு மாதிரி அதுவரை கிடைத்ததில்லை. ஜெர்மனியின் ஹனோவர், அமெரிக்காவின் சின்சினாட்டி, டென்வர் ஆகிய நகரங்களின் ஆய்வுக்கூடங்கள் இந்த மாதிரியைக் கையிலெடுத்து, நோய் உருவாகும் ஒவ்வொரு படியையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கின.

அப்படிப் பிரித்துப் பார்த்ததில் தெரியவந்தவை மிகுந்த கவனத்துக்குரியவை. பித்தநாளத்தின் உட்சுவரை மூடியுள்ள செல்களின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்னும் புரதம் உண்டு; ரீசஸ் ரோட்டா வைரஸ் தன் புற உறையிலுள்ள ஒரு புரதத்தால் அதனைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. வைரஸ் அச்செல்களுள் பெருகினாலும், நாளத்தை அடைப்பது பெரும்பாலும் வைரஸின் நேரடிச் சேதம் அன்று. தொற்றுக்குள்ளான செல்களைக் கொல்ல விரைந்துவரும் இயற்கைக் கொல்லிச் செல்களும் டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்களும் இன்டர்ஃபெரான் காமா என்னும் அழற்சித் தூண்டியைச் சுரந்து மேலும் மேலும் அணுக்களை வரவழைக்கின்றன. உட்சுவர் உரிந்து, அந்த இடத்தை அழற்சி அணுக்களும் நார்த்திசுவும் நிரப்புகின்றன. சின்சினாட்டியில் சிவகுமார், பெசெர்ரா ஆகியோர் 2004இல் வெளியிட்ட சோதனை இதனைத் தெளிவாக நிறுவியது: இன்டர்ஃபெரான் காமாவை உருவாக்க இயலாதபடி மரபணு நீக்கப்பட்ட எலிக்குட்டிகளுக்கு அதே வைரஸைச் செலுத்தியபோது, வைரஸ் நாளத்தைத் தொற்றியது, தொடக்கத்தில் மஞ்சளும் கண்டது, ஆனால் நாளம் அடைபடவில்லை, பெரும்பாலான குட்டிகள் பிழைத்துக்கொண்டன. டென்வரில் காரா மேக் தலைமையிலான குழு, நோயுற்ற எலியின் டி செல்களை எடுத்து, தனக்கென நோயெதிர்ப்பு இல்லாத மற்றொரு எலிக்குச் செலுத்தியபோது, அங்கே வைரஸே இல்லாத நிலையிலும் பித்தநாளத்தைச் சுற்றி அழற்சி தோன்றியது. வைரஸ் போன பிறகும் நோய் நீடிக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. ஏற்கெனவே சொல்லப்பட்ட மறைந்துபோகும் வைரஸ் கருதுகோள் இங்கே வெறும் சாக்காக நிற்காமல் சோதனைக்குட்பட்ட செய்தியாகிறது.

ஏன் பிறந்த முதல் ஓரிரு நாட்களில் தொற்றினால் மட்டும் இந்த நோய் வருகிறது, சில நாட்கள் கழித்துச் செலுத்தினால் வருவதில்லை என்ற வினாவுக்கும் எலி மாதிரி ஒரு விடை தந்தது. நோயெதிர்ப்பு எல்லை மீறாதபடி கட்டுப்படுத்தும் டி செல்கள் என்றொரு வகை உண்டு. பிறந்த எலிக்குட்டிக்கு முதல் மூன்று நாட்களில் இவை அநேகமாக இல்லை. அந்த இடைவெளியில் நுழையும் வைரஸ் கிளப்பும் எதிர்ப்பை அடக்க ஆள் இல்லாமல் போகிறது. விளக்கம் அழகானதுதான், ஆனால் அழகுக்காக ஓர் உண்மையை மறந்துவிடக் கூடாது. பிறக்கும்போது எலியின் நோயெதிர்ப்பு மண்டலம் மனிதக் குழந்தையினுடையதைவிட மிகவும் முதிராத நிலையில் உள்ளது. மனிதக் கருவில் இந்தக் கட்டுப்பாட்டு அணுக்கள் பிறப்பதற்கு மாதங்கள் முன்னரே உருவாகிவிடுகின்றன. எனவே எலியின் முதல் நாளுக்கு ஒப்பான காலம் மனிதருக்கு உண்டெனில், அது கருப்பைக்குள் கழியும் காலமே. மேலும், எலிக்குட்டிகள் ஒன்று சில வாரங்களில் இறந்துவிடுகின்றன, அல்லது தேறிவிடுகின்றன. மனிதக் குழந்தையின் கல்லீரலை மாதக் கணக்கில் வடுவாக்கிக்கொண்டே செல்லும் நெடிய நார்த்திசுப் பெருக்கம் இந்த மாதிரியில் முழுமையாக வெளிப்படுவதில்லை.

எலியிடம் இவ்வளவு செய்யும் ரோட்டா வைரஸ் குழந்தையிடமும் அதையே செய்கிறதா என்று தேடியபோது கிடைத்தவை ஏமாற்றமளிப்பவை. ரீப்பன்ஹாஃப்-டால்டி குழு 1996இல் சில குழந்தைகளின் திசுவில் ரோட்டா வைரஸின் சி பிரிவு மரபுப்பொருளைக் கண்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே மற்றொரு குழு, ஒரு குழந்தையிடமும் ரோட்டா வைரஸ் கிடைக்கவில்லை என்று எழுதியது. அதன் பின் மனிதத் திசுவில் ரோட்டா வைரஸைத் தேடியவர்களுக்கு நிலையான முடிவு வாய்க்கவில்லை.

திசுவில் கிடைக்காத விடையை மக்கள்தொகைக் கணக்கில் தேட ஒரு வாய்ப்பு 2006க்குப் பின் வந்தது. அந்த ஆண்டு முதல் பல நாடுகளில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து வழக்கத்துக்கு வந்தது. தைவானில் பித்தநாள அடைப்பின் அளவு 2004 முதல் 2009 வரை குறைந்துவந்ததைக் கண்ட ஆய்வாளர்கள் அதனைத் தடுப்பு மருந்தோடு தொடர்புபடுத்தினர்; தென்கொரியாவில் செய்யப்பட்ட பின்னாளைய ஆய்வில் தடுப்பு மருந்துக்கு முன்னும் பின்னும் வேறுபாடு இல்லை. தைவானின் வீழ்ச்சியை வியப்போடு மேற்கோள் காட்டும் கட்டுரைகள் பல, ஓர் எளிய தடையைக் கவனிப்பதில்லை: தடுப்பு மருந்தின் முதல் தவணை ஆறு முதல் எட்டு வார வயதில் தரப்படுகிறது, நோயோ அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, எனவே மருந்து பெற்ற குழந்தைக்கே அது பாதுகாப்புத் தர இயலாது, ஊரில் வைரஸின் நடமாட்டம் குறைவதால் தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் தொற்று குறைந்தால் மட்டுமே பலன் உண்டாகும். கருவுற்ற எலிக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டால் குட்டிகள் காப்பாற்றப்படுகின்றன என்ற சோதனை முடிவு இவ்வழியை முற்றிலும் அடைத்துவிடவில்லை. இருப்பினும் தென்கொரியாவின் கணக்கு அதற்கு ஆதரவாக இல்லை. பருவகாலக் கணக்கும் இதே கதிதான். அமெரிக்காவின் அட்லாண்டாப் பகுதியில் குளிர்காலப் பிறப்புகளில் நோய் மிகுந்திருந்ததாக 1997இல் வந்த ஆய்வு, குளிர்காலத்தில் பரவும் வைரஸ்களின் மீது ஐயத்தைக் கூட்டியது. பிரான்சு, பிரிட்டன், சுவீடன் ஆகிய நாடுகளின் பெரிய கணக்கெடுப்புகளில் அத்தகைய பருவ ஏற்றம் தென்படவில்லை.

இன்று மீதமிருக்கும் வைரஸ்களுள் விலக்கிவிட முடியாதது சைட்டோமெகலோ வைரஸ் ஒன்றுதான். சின்னம்மை, அக்கி வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்த இது ஒருமுறை தொற்றினால் வாழ்நாள் முழுவதும் உடலில் அடங்கிக் கிடப்பது. தாயிடமிருந்து கருவுக்கு நஞ்சுக்கொடியைக் கடந்து செல்ல வல்லது. பித்தநாள உட்சுவர்ச் செல்களில் பெருக வல்லது. இவ்விரு வல்லமைகளும் ஒருங்கே அமைந்திருப்பதாலேயே மற்ற வைரஸ்களிடமிருந்து இது வேறுபடுகிறது. டென்வர் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற குழந்தைகளின் கல்லீரலிலிருந்து எடுக்கப்பட்ட டி செல்களைப் பல்வேறு வைரஸ் புரதங்களோடு சேர்த்துப் பார்த்தபோது, பாதிக்குச் சற்று அதிகமான குழந்தைகளின் செல்கள் சைட்டோமெகலோ வைரஸை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்தன. அக்குழந்தைகளிடம் கட்டுப்பாட்டு டி செல்களும் குறைந்திருந்தன. வைரஸ் கல்லீரலில் இல்லாவிட்டாலும் அதனைச் சந்தித்த நினைவு நோயெதிர்ப்பு அணுக்களிடம் தங்கியிருக்கும் என்ற அடிப்படையில், குற்றவாளி போன பின் சாட்சிகளைத் தேடும் இந்த அணுகுமுறை முந்தைய தேடல்களைவிட நுட்பமானது. இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மார்க் டேவன்போர்ட் குழுவினர் 2015இல் வெளியிட்ட தொகுப்பில், ஏறத்தாழ 10 குழந்தைகளுக்கு ஒருவரிடம் அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள் இருந்தது. அவர்களுக்குக் கல்லீரல் அழற்சியும் நார்த்திசுவும் மிகுந்திருந்தன, அறுவைக்கு வந்த வயதும் கூடியிருந்தது, அறுவைக்குப் பின் மஞ்சள் தெளிந்தவர் விகிதம் குறைவு. இதனைக் கொண்டு அக்குழு, மண்ணீரல் முதலிய உறுப்புகளின் அமைப்புக் குறையோடு வருவது, நீர்க்கட்டியோடு வருவது, சைட்டோமெகலோ வைரஸோடு வருவது, இவை எதுவுமின்றித் தனித்து வருவது என இந்நோயை நான்கு வகைகளாகப் பிரிக்க முன்வந்தது. சீனாவின் மருத்துவமனைகள் சிலவற்றில் இந்த வைரஸ் இதைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் காணப்பட்டுள்ளது.

ஆனால் இந்த எண்களை இந்தியா போன்ற நாடுகளில் வாசிக்கும்போது நிதானம் மிகவும் தேவை. இந்நாடுகளில் வளர்ந்த பெண்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்கெனவே சைட்டோமெகலோ வைரஸைச் சந்தித்தவர்கள். தாய்ப்பால் வழியாகவே முதல் சில மாதங்களில் ஏராளமான குழந்தைகள் அதனைப் பெற்றுக்கொண்டு, எத்தீங்கும் இன்றி வளர்கின்றனர். இரண்டு, மூன்று மாத வயதில் மருத்துவமனைக்கு வரும் குழந்தையின் இரத்தத்திலோ கல்லீரலிலோ அந்த வைரஸ் காணப்பட்டால், அது நோயைத் தொடங்கிவைத்ததா, நோயின் நடுவில் தற்செயலாக வந்து சேர்ந்ததா என்று அந்தப் பரிசோதனை சொல்லாது. கருவிலேயே தொற்றியது என்று உறுதிசெய்ய, பிறந்த மூன்று வாரங்களுக்குள் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ வைரஸைக் கண்டறிந்திருக்க வேண்டும். ஹனோவர் ஆய்வாளர்கள் 74 குழந்தைகளின் கல்லீரல் திசுவைப் பல வைரஸ்களுக்காகச் சோதித்தபோது, வைரஸ் கிடைத்த குழந்தைகள் கிடைக்காதவர்களைவிட வயதில் மூத்தவர்களாக இருந்தது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. வயது ஏற ஏற வைரஸைச் சந்திக்கும் வாய்ப்பும் ஏறும் என்பதைத் தவிர வேறு பொருள் அதற்கு இல்லாமலும் போகலாம். இலண்டன் தொகுப்பில் வைரஸ் உள்ளவர்கள் பிந்தி அறுவைக்கு வந்ததையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அவர்களுக்கு நோய் பிந்தித் தொடங்கியதா, பிந்தி வந்ததால் வைரஸைப் பெற நேரம் கிடைத்ததா என்பது அந்தத் தரவிலிருந்து மட்டும் பிரித்தறிய இயலாதது.

இக்குழப்பத்தின் விலை ஏட்டளவில் நிற்பதும் இல்லை. நீடித்த காமாலையோடு வரும் குழந்தைக்குச் சைட்டோமெகலோ வைரஸ் பரிசோதனை நேர்மறையாக வந்தவுடன், நோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கி வாரக்கணக்கில் காத்திருக்கும் வழக்கம், அந்தக் குழந்தைக்கு நாளம் அடைபட்டிருந்தால் அறுவைக்குரிய பொன்னான நாட்களை விழுங்கிவிடுகிறது. வைரஸ் இருப்பது அடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. கான்சைக்ளோவிர் போன்ற மருந்துகள், அறுவையோடு சேர்த்துத் தரப்பட்ட சிறு எண்ணிக்கையிலான குழந்தைகளிடம் நம்பிக்கை தரும் பலன் காட்டியிருப்பது உண்மை. வெள்ளணுக்களைக் குறைக்கும் பக்க விளைவு அவற்றுக்கு உண்டு என்பதும், குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் சோதிக்கும் பெரிய ஆய்வின் உறுதி அவற்றுக்கு இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

வைரஸ் கருதுகோள் முழுவதற்கும் கடினமான கேள்வியை எழுப்பியது மிக எளிய இரத்தப் பரிசோதனை ஒன்று. கல்லீரல் பதப்படுத்திப் பித்தத்தில் கலந்துவிடும் நிறமியை நேரடி பிலிருபின் என்பர். இரத்தத்தில் அது கூடியிருந்தால் பித்தம் வெளியேறத் தடை உள்ளது என்று பொருள். டெக்சஸ் மாநிலத்தின் சஞ்சீவ் ஹர்பவத் முதலியோர், பின்னாளில் பித்தநாள அடைப்பு உறுதியான குழந்தைகளின் பிறப்பு நாள் ஆவணங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்து, பரிசோதனை செய்யப்பட்டிருந்த எல்லாக் குழந்தைகளிடமும் பிறந்த முதல் இரண்டு நாட்களிலேயே நேரடி பிலிருபின் இயல்பைவிடக் கூடியிருந்ததை 2011இல் வெளியிட்டனர். 2020இல் வெளியான அவர்களது அடுத்த ஆய்வில், ஏறத்தாழ 1,24,000 பச்சிளங்குழந்தைகளை இம்முறையில் சோதித்து, நோயுற்ற 7 குழந்தைகளையும் முன்கூட்டியே கண்டறிந்தனர். முதல் நாளிலேயே பித்தத்தடை தொடங்கிவிட்டதெனில், சேதம் கருப்பைக்குள்ளேயே நிகழ்ந்திருக்க வேண்டும். பிறந்த பின் குடல் வழியாகத் தொற்றும் ரோட்டா வைரஸ் இந்தக் காலக்கணக்கில் பொருந்துவதில்லை. நஞ்சுக்கொடியைக் கடக்கும் சைட்டோமெகலோ வைரஸ் பொருந்தக்கூடும், ஆனால் நோயுற்ற குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு மட்டுமே. எலிகளிடம் பெற்ற அறிவு வீண் என்பது இதன் பொருள் அன்று. அந்த அறிவு, பித்தநாளம் தாக்கப்பட்டபின் நோயெதிர்ப்பு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைப் பற்றியது, முதல் தாக்குதலை நடத்தியது யார் என்பதைப் பற்றியது அன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதே இத்துறையின் பெரிய தடுமாற்றம்.

கருப்பைக்குள் சேதம் விளைவிக்க வைரஸ்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பரிஞ்சக் அணைப் பகுதியில், வறட்சியால் நீர் வடிந்து வெளிப்பட்ட கரையில் மேய்ந்த சினை ஆடுகள் 1964இலும் 1988இலும் ஈன்ற குட்டிகள் பல, பித்தநாளம் அடைபட்ட நிலையில் பிறந்து இறந்தன. அக்கரையில் முளைத்த டிஸ்பேனியா என்னும் களைச்செடியிலிருந்து பிலியாட்ரெசோன் என்ற நச்சுப்பொருளைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பேக், ரெபெக்கா வெல்ஸ் ஆகியோரின் குழுக்கள் 2015இல் பிரித்தெடுத்துக் காட்டின. அது வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் கல்லீரலுக்கு வெளியேயுள்ள பித்தநாளத்தைக் குறிவைத்து அழித்தது. மனிதத் தாய்மார் யாரும் அந்தச் செடியை உண்பதில்லை. ஆனால் தாய்க்குப் பெருந்தீங்கு செய்யாத ஒரு பொருள் கருவின் பித்தநாளத்தை மட்டும் சிதைக்க முடியும் என்பதை ஆட்டுமந்தையின் அனுபவம் ஐயத்துக்கிடமின்றி நிறுவிவிட்டது. தாய்க்குத் தெரியாமலே வந்துபோகும் வைரஸ் தொற்றும் அவ்வாறு செயல்படக்கூடும் என்பதற்கு அது மறைமுக ஆதரவாகவும் அமைகிறது. மற்றொரு புறம், சீனக் குழந்தைகளிடம் செய்யப்பட்ட மரபணு ஆய்வு பத்தாம் குரோமோசோமில் ஏடிடி3 என்னும் மரபணுவை ஒட்டிய பகுதியை நோயோடு தொடர்புபடுத்தியது. உறுப்பு அமைப்புக் குறையோடு வரும் வகையில் பிகேடி1எல்1 என்ற மரபணுவின் மாற்றங்கள் கண்டறியப்பட்டன. ஆயினும் ஒரே மரபணுத் தொகுதியைப் பகிரும் ஒருகரு இரட்டையருள் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டுமே நோய் வருவதால், மரபு மட்டும் இதனை விளக்கப் போதாது.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, பித்தநாள அடைப்பு என்பது ஒரே காரணத்தின் விளைவு என்ற எதிர்பார்ப்பையே கைவிடுவது நேர்மையானது. கருவின் பித்தநாள உட்சுவருக்கு எதிர்வினை காட்ட உள்ள வழிகள் குறைவு. வைரஸோ, நச்சோ, பிறவி அமைப்புக் குறையால் கசியும் பித்தமோ எது தாக்கினாலும் அது அழற்சியாலும் வடுவாலுமே விடை சொல்கிறது. அறுவை மேசைக்கு வரும்போது எல்லா வழிகளும் ஒரே தோற்றத்தில் முடிந்துவிடுகின்றன. சைட்டோமெகலோ வைரஸ் இவ்வழிகளுள் ஒன்றாக இருக்க நியாயமான வாய்ப்பு உண்டு. ரோட்டா வைரஸ் எலியின் நோய்க்கு நிறுவப்பட்ட காரணம், குழந்தையின் நோய்க்கு நிறுவப்படாத காரணம். ரியோ வைரஸைப் பற்றிச் சொல்ல அதுவும் இல்லை. அழற்சியை அடக்கினால் நோய் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் அமெரிக்க மருத்துவமனைகளில் 140 குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் உயர் அளவு ஸ்டீராய்டு தந்து சோதித்த ஆய்வு 2014இல் வெளிவந்தபோது, பித்தம் வடிவதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை என்பதும், அறுவைக்குக் கொண்டுவரப்படும் வேளையில் தொடக்கக் காரணம் எதுவாயினும் காலம் கடந்துவிட்டது என்ற கருத்தையே வலுப்படுத்துகிறது.

இனிச் செய்யத்தக்க ஆய்வு, மூன்று மாதக் குழந்தையின் வடுவேறிய கல்லீரலில் வைரஸைத் தேடுவது அன்று. பிறந்த நாளிலேயே குதிகாலில் குத்தித் தாளில் உலர்த்திச் சேமிக்கப்படும் இரத்தத்துளிகளிலும், கருவுற்ற காலத்துத் தாயின் இரத்த மாதிரிகளிலும் தேடுவதே காலக்கணக்கோடு பொருந்துவது. சைட்டோமெகலோ வைரஸ் மிகுந்த பெண் மக்கள்தொகையும் ஆண்டுதோறும் ஏராளமான பிறப்புகளும் உள்ள இந்தியா அத்தகைய ஆய்வுக்கு மற்ற நாடுகளைவிட ஏற்ற களம். அந்த விடை வரும்வரை, இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் நீடிக்கும் எந்தக் குழந்தைக்கும், பார்வைக்கு எவ்வளவு நலமாகத் தோன்றினாலும், நேரடி பிலிருபின் அளவை உடனே சோதிக்க வேண்டும். அது டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டினாலோ மலம் வெளிறியிருந்தாலோ, வைரஸ் பரிசோதனையின் முடிவு எப்படி இருந்தாலும், குழந்தையை ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல் குழந்தைக் கல்லீரல் சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டும்.